வரிக்கு வரி வேல்

பூபாலன் தலையைத் துவட்டிக்கொண்டு சமையலறைக்குள் வந்தபோது, பரண்மேல் கிடக்கவேண்டிய டிபன் கேரியர் புளி போட்டுத் துலக்கப்பட்டு, ஜன்னல் விளிம்பில் கவிழ்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"இது இன்னாத்துக்கு இப்போ?"

"சும்மாத்தாங்க. தூசி புடிச்சிகினு இருந்துது," என்றாள் வசந்தி, அடுப்பைப் பார்த்தபடி.

பரணில் அதைவிடத் தூசி பிடித்த சாமான்கள் உண்டு. கிழிந்த கொசுவலை உண்டு, கால் உடைந்த நடைவண்டி உண்டு. அவற்றில் ஒன்றும் இன்று இறங்கி வரவில்லை. மேற்கொண்டு கேட்டால் பதில் கிடைத்துவிடும் என்பதால் பூபாலன் கேட்கவில்லை.

அந்தக் கேரியர் பல வருஷம் அவனோடு விடியுமுன் ரயிலேறிச் சென்னைக்குப் போய், இருட்டியபின் காலியாகத் திரும்பி வந்த கேரியர். அந்த நாட்களில் மகள் யுவஸ்ரீ பள்ளிக்கூடத்தில் 'என் குடும்பம்' என்று ஒரு படம் வரைந்தாள். அம்மா நின்றுகொண்டிருந்தாள், பாப்பா நின்றுகொண்டிருந்தாள், ஆடுகூட நின்றுகொண்டிருந்தது. அப்பா மட்டும் பாயில் படுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார். வகுப்பு டீச்சர் பதறிப்போய், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று சொல்லியனுப்பினாள்.

போன வருஷத்திலிருந்துதான் உள்ளூரில் வேலை. பகலில் நின்றுகொண்டிருக்கும் அப்பாவை மகள் இப்போது பார்க்கிறாள். இது நீடிக்குமா நீடிக்காதா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும். பெங்களூரிலிருந்து ஒருவர் வருகிறார். பூபாலன் எழுதியதைப் பார்த்து அவர் தலையை ஆட்டினால் திருத்தணி. ஆட்டாவிட்டால் மறுபடியும் அந்த ரயில். வசந்தி இரண்டுக்கும் தயாராக இருந்தாள். கேரியரைப் பார்த்தால் இரண்டாவதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே தயாராக இருந்தாள்.

உள்ளூரில் வேலை கொடுத்த புண்ணியவான் அவனுடைய அக்கா அம்சாவின் புருஷன் ஆறுமுகம். பூபாலனுக்கு அவர் பாவா. ஆந்திரா கூப்பிடு தூரத்தில் இருப்பதால் அவர்கள் குடும்பத்தில் அத்தானுக்கும் மாமாவுக்கும் அந்த வார்த்தைதான். பாவா கடைத்தெருவில் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துக்கொண்டிருந்தவர். ஆர்.கே.பேட்டை முதல் திருவாலங்காடு வரை யார் யாரைக் கட்டிக்கொண்டாலும் அவர் கையைத் தாண்டித்தான் கட்டிக்கொள்ளவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மைத்துனனைப் பார்த்துக் கேட்டார்: "மெட்ராஸ்ல அப்படி இன்னாதான்டா எழுதற?"

"கம்ப்யூட்டர்ல எஃப் ஒன் அமுக்கினா ஒரு பெட்டி தொறக்கும் இல்ல பாவா? இத அமுக்கு, அத அமுக்குன்னு வழி சொல்லும். ஹெல்ப்னு பேரு. அத எழுதறேன்."

"அத யாரு படிக்கிறா?"

"யாரும் படிக்கமாட்டாங்க."

"யாரும் படிக்காததுக்கா மாசா மாசம் சம்பளம் குடுக்கறான்?"

அந்த ஆச்சரியத்திலிருந்து பிறந்ததுதான் ஸ்ரீ சண்முகா குளோபல் டாகுமென்டேஷன். அச்சகத்துக்கு மேலே இருந்த மாடி அறை வெள்ளையடிக்கப்பட்டது. அச்சகத்துக் கம்ப்யூட்டர்கள் மூன்று படியேறி மாடிக்கு வந்தன. பெயர்ப்பலகையில் ஒரு பூமி உருண்டை. அதன் உச்சியில் குத்தி அடியில் வெளியே வந்தது ஒரு வேல். "உலகமே நம்ம கையில" என்று பாவா அதற்கு விளக்கம் சொன்னார். பார்க்கிறவர்களுக்கு உலகம் வேறு கதிக்கு ஆளானதுபோலத்தான் தெரிந்தது. விசிட்டிங் கார்டில் அவர் பெயருக்குக் கீழே மூன்று பதவிகள் இருந்தன. மூன்றுக்கும் வேலை ஒன்றுதான், சுழல் நாற்காலியில் சுழல்வது.

பால் குளிரூட்டும் நிலையங்களுக்கு மென்பொருள் செய்யும் பெங்களூர்க் கம்பெனி ஒன்று, பரிசோதனையாக முதல் புத்தகத்தை இவர்களிடம் கொடுத்திருந்தது. அது தேறினால் மீதிப் புத்தகங்களும் இங்கேதான். தேறாவிட்டால் மாடியை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு வாடகைக்கு விட்டுவிடுவேன் என்று பாவா தெளிவாகச் சொல்லியிருந்தார். தொழிலில் அவருக்கு உறவு பார்க்கத் தெரியாது. அக்கா எதிரில் இருந்தால் கொஞ்சம் தெரியும்.

பால் விஷயத்தில் எல்லாமே வரிசைதான். கேனைக் கழுவு, மூடியைப் பார், கலக்கு, மாதிரி எடு, கொழுப்பு பார், எடை போடு. ஒன்று முன்னே பின்னே ஆனால் பால் திரிந்துவிடும். முதல் அத்தியாயத்தை பாவா தானே எழுதுவேன் என்று அடம்பிடித்து எழுதினார். வரிக்கு முன்னால் எண்களைக் கையாலேயே தட்டினார். நடுவில் ஒரு வரியை நுழைத்தார், இரண்டை எடுத்தார், எண்களை அப்படியே விட்டுவிட்டார். முடிவில் ஆறாம் எண் இரண்டு இடத்தில் நின்றது, நான்கைக் காணோம், கடைசி வரியோ 'மறுபடியும் ஆறிலிருந்து செய்யவும்' என்றது. எந்த ஆறு என்று கேட்டதற்கு, "ரெண்டு ஆறுல எதுலேர்ந்து செஞ்சாலும் பாலு கெடாது" என்று பாவா தைரியம் சொன்னார்.

பூபாலன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு உட்கார்ந்தான். ஹெல்ப் எழுதும் மென்பொருளில் ஸ்டைல் என்று ஒன்று உண்டு. இன்ன வகைப் பட்டியல் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று ஒரு தடவை சொல்லிவைத்துவிட்டால் போதும். செய்முறைகளுக்கு எண் போட்ட பட்டியல் ஒன்று. அதற்குள் கிளை பிரிந்தால் ஏ, பி, சி. ஒவ்வொரு பக்கத்திலும் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும். வரிசை முக்கியமில்லாத விஷயங்களுக்குப் புள்ளி வைத்த பட்டியல். புள்ளி எவ்வளவு தள்ளி நிற்கவேண்டும், வரி மடங்கினால் எங்கே வந்து விழவேண்டும், பட்டியலுக்கு மேலே எவ்வளவு இடம் விடவேண்டும். இதிலெல்லாம் ஒரு மனிதன் ஒரு வாரம் மூழ்கிக் கிடந்து சந்தோஷமாக வெளியே வர முடியும் என்றால் வசந்தி நம்பமாட்டாள். பூபாலன் வந்தான். பக்கத்து மேசையில் தேவசேனா ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பிழை பார்த்தாள். மலைக்கோயில் மடைப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகச் சமைக்கிற குடும்பத்துப் பெண். உப்பு ஒரு கல் கூடினாலும் கண்டுபிடிக்கிற வம்சம் என்பதால், தள்ளி நிற்கிற புள்ளி அவள் கண்ணுக்குத் தப்பாது.

முடிந்ததும் பாவாவைக் கூப்பிட்டு நடுவிலிருந்து ஒரு வரியை எடுத்துக் காட்டினான். எண்கள் தானாகத் திருந்திக்கொண்டன.

"பந்தியில நடுவுல ஒருத்தர் எழுந்துட்டா பக்கத்துல இருக்கறவங்க தானா நகர்ந்து ஒக்கார்றா மாதிரி, பாவா."

"அட!"

"இன்னும் கேளுங்க. புள்ளி வேணாம், வேற வேணும்னு நாளைக்கு சொன்னாங்கன்னு வைங்க. ஸ்டைல்ல ஒரே எடத்துல மாத்தினா போதும். புஸ்தகம் பூரா மாறிடும்."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அறிவைப் பகிர்ந்துகொள்கிற நேரத்தில் யாருக்கும் புத்தி வேலை செய்வதில்லை.

பெங்களூர்க்காரர் வரவிருந்த அன்று காலை பூபாலன் ஆபீஸ் மாடிப்படி ஏறும்போதே கரண்ட் போய்விட்டது. யு.பி.எஸ். ஒருமுறை கீச்சென்று கத்திவிட்டுக் கண்ணை மூடியது. அதன் பேட்டரியை பாவா எப்போதோ ஸ்கூட்டருக்கு மாற்றிவிட்டார் என்ற வதந்திக்கு இது வலு சேர்த்தது. பாவா டை கட்டியிருந்தார். அந்த வெயிலில், மின்விசிறி நின்ற அறையில், கழுத்தில் டையும் நெற்றியில் விபூதியும் வழிய, கல்யாண வீட்டில் சம்பந்தி வரவுக்குக் காத்திருப்பவர்போல் நின்றார்.

"வாடா பூபாலா. பயப்படாத. நான் ஒண்ணு பண்ணி வச்சிருக்கேன். அந்த ஆளு ஆடிப்போயிடுவான்."

பாவா ஒன்று பண்ணி வைத்திருக்கிறார் என்பது பயப்படாமலிருக்கக் காரணம் ஆகாது. "இன்னா பாவா பண்ணீங்க?"

"வேலு."

"இன்னா வேலு?"

"புள்ளி இருந்துது இல்ல, கொசு எச்சம் மாதிரி? அத எடுத்துட்டு வேலு வச்சிட்டேன். சி.டி. போடறதுக்கு முன்னாடி என் கம்ப்யூட்டர்லயே மாத்திட்டேன். நீதானே சொன்ன, ஒரே எடத்துல மாத்தினா பூரா மாறும்னு? மாறிடுச்சுடா! வரிக்கு வரி வேலு! திருத்தணிலேர்ந்து போற சரக்குன்னு பாத்ததும் தெரியவேணாமா?"

சி.டி. எழுதும் வசதி பாவாவின் கம்ப்யூட்டரில் மட்டும்தான் உண்டு. அதில் போட்ட சி.டி. கூரியரில் பெங்களூர் போய்ச் சேர்ந்துவிட்டது.

"படமா வச்சீங்களா பாவா?"

"படம் எதுக்கு? நம்ம பத்திரிகை ஃபான்ட்லதான் எல்லாம் இருக்குதே. புள்ளையாரு, மேளம், குத்துவிளக்கு, வேலு. கட்டம் கட்டமா காட்டிச்சு. வேலு மேல ஒரு தட்டு தட்டினேன்."

தேவசேனா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மெல்லக் கீழே வைத்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்த மாடியில் இருக்கும் மூன்று கம்ப்யூட்டர்களும் கல்யாணப் பத்திரிகை அடித்தவை. மூன்றிலும் அந்த ஃபான்ட் உண்டு. இந்தியாவில் கல்யாணப் பத்திரிகை அடிக்காத கம்ப்யூட்டர்களும் இருக்கின்றன. ஃபான்ட் இல்லாத இடத்தில் வேல் தெரியாது. வேல் எந்த விசையில் உட்கார்ந்திருக்கிறதோ அந்த ஆங்கில எழுத்துத்தான் தெரியும்.

"எந்த எழுத்துல இருக்குது பாவா, வேலு?"

"எழுத்தா? வேலுடா அது."

"கரண்டும் இல்ல, தொறந்து பாக்க," என்றாள் தேவசேனா. "கீழ வீரபத்திரன் அண்ணனக் கேட்டா தெரியும்."

அச்சகத்தில் அந்த ஃபான்ட்டை மனப்பாடமாக அறிந்த ஒரே ஜீவன் வீரபத்திரன். அவன் மச்சினிச்சி கல்யாணத்துக்கு மணவூர் போயிருந்தான். கையில் செல்போன் கிடையாது. இருந்தாலும் தாலி கட்டுகிற நேரத்தில் வேல் எந்த விசை என்று கேட்க முடியாது.

"கெட்டிமேளம் எம்முல இருக்கும்," தேவசேனா விரல் விட்டாள். "புள்ளையாரு பி. அப்போ வேலு வி-யா இருக்கலாம் சார்."

"அந்த ஃபான்ட் செஞ்சவன் அவ்ளோ ஒழுங்கானவனா? பால வெயில்ல வைக்கவேணாம்னு ஒரு வரி. அதுக்கு முன்னாடி ஒரு வி. ஈரக்கையால தொடவேணாம். அதுக்கும் வி."

"வி-யா இருந்தா பரவால்ல சார். எக்ஸா இருந்தா? எல்லா வரியும் தப்புன்னு பெருக்கல் குறி போட்ட மாதிரி இருக்கும்."

"நீ ஆறுதல் சொல்றியா, எண்ணெய் ஊத்தறியா?"

"இல்ல சார், டெஸ்டிங்."

பாவாவுக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. "ரெண்டு பேரும் இன்னாத்துக்கு இப்படி அபசகுனமா பேசறீங்க? முருகன் ஃபான்ட் பாத்தா வருவான்?"

அவன் ஃபான்ட் பார்த்துத்தான் வருவான் என்பதை எப்படி விளக்குவது என்று பூபாலன் யோசிப்பதற்குள் கீழே ஒரு வேன் வந்து நின்றது. படியில் செருப்புச் சத்தம். உள்ளே வந்த மனிதருக்குத் தலையில் ஒரு முடிகூட இல்லை. மொட்டைமேல் சந்தனம் பூசி, அது காய்ந்து வெடித்து, ஏரி வற்றினதுபோல் இருந்தது.

பெங்களூர்க் கம்பெனியின் டாகுமென்டேஷன் மேனேஜர் விஸ்வேஸ்வரன் இத்தனை தூரம் நேரில் வருகிறாரே என்று பாவா ஒரு வாரமாகப் பூரித்துக்கொண்டிருந்தார். மேனேஜருக்கு மலைக்கோயிலில் வேண்டுதல் ஒன்று பாக்கி இருந்திருக்கிறது. ஆபீஸ் செலவிலேயே அது தீர்ந்தது. குடும்பம் முழுக்க கீழே வேனில் மொட்டையாக உட்கார்ந்திருந்தது.

"ராகுகாலத்துக்கு முன்னாடி கெளம்பணும்," என்று உட்கார்ந்தார் விஸ்வேஸ்வரன். "ஆனா அவசரப்படமாட்டேன். குவாலிட்டி விஷயத்துல நான் அவசரப்படறதே இல்ல. என் டீம்ல கேட்டுப் பாருங்க, நடுங்குவாங்க."

டீமின் நடுக்கத்தை அவர் சொன்ன விதத்தில், அவர்கள் அதற்காகவே பயிற்சி எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. பாவா மேனேஜரை மதிப்போடு பார்த்தார். தன்னைவிடப் பெரிய ஆளை அடையாளம் காணும் பண்பு அவரிடம் உண்டு.

"ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன்," விஸ்வேஸ்வரன் லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்தார். "உங்களுக்கு முன்னாடி ஒரு கம்பெனி. நல்லாத்தான் எழுதியிருந்தான். ஆனா லிஸ்டுல ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி தாமரைப்பூ. பால் புக்குல தாமரைப்பூ எதுக்கு? அடுத்தவன் நட்சத்திரம் போட்டான். மூணாவது ஆளு கைய நீட்டி வெரல் காட்டற படம். ஒரே பக்கத்துல பத்து கை! மூணு பேரையும் அன்னிக்கே வெளிய அனுப்பிட்டேன்."

பூபாலன் பாவாவைப் பார்த்தான். பாவா பூரிப்பில் இருந்தார். தாமரையும் நட்சத்திரமும் தோற்ற இடத்தில் வேல் ஜெயிக்கும் என்பதில் அவருக்கு மயிரிழைச் சந்தேகம் இல்லை.

"சி.டி. வந்ததும் பாத்தீங்களா சார்?" பூபாலனின் குரல் கொஞ்சம் உயரே போய்விட்டது.

"இல்லப்பா. இன்னும் தொறக்கல. நேர்ல உங்க எதிர்ல தொறந்தாத்தான் உங்க மூஞ்சி தெரியும். மூஞ்சி பாத்தே நான் பாதி கண்டுபிடிச்சிடுவேன்."

பூபாலன் தன் மூஞ்சியை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் கொண்டுபோனான். அங்கே மலை தெரிந்தது. ஜன்னல் விளிம்பைப் பார்த்ததும் வேறொரு ஜன்னல் விளிம்பில் காய்ந்துகொண்டிருக்கும் கேரியர் ஞாபகம் வந்தது. இந்நேரம் நன்றாகக் காய்ந்திருக்கும்.

லேப்டாப் பேட்டரியில் உயிர் வந்தது. சி.டி. உள்ளே போய்ச் சுழன்று, முனகி, மெல்லத் திறந்தது. விஸ்வேஸ்வரன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அது சந்தனத்தில் வழுக்கி இறங்கியது. மறுபடி ஏற்றினார். பக்கத்தை உருட்டினார். நின்றார். முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுபோனார்.

"இந்த லிஸ்ட்டு யாரு போட்டது?"

பூபாலன் தேவசேனாவைப் பார்த்தான், தேவசேனா மலையைப் பார்த்தாள்.

"கேக்கறேன் இல்ல?"

"நான்தான் சார்," என்றான் பூபாலன். பொய்யும் இல்லை. பட்டியல் அவனுடையது, வேல் மட்டும்தான் பாவாவுடையது. ஆனால் வேலுக்காகக் குத்துப்படப்போவது யார் என்பதில் சந்தேகம் இல்லை.

"இங்க வாங்க. பாருங்க."

பூபாலன் போனான். கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரைப் பக்கம் திருப்பினான். வி இல்லை. எக்ஸ் இல்லை. ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் ஒரு சின்ன வட்டம். உள்ளே காலியான, சத்தமில்லாத, அடக்க ஒடுக்கமான வட்டம். வெயிலில் வைக்கவேண்டாம், வட்டம். ஈரக்கையால் தொடவேண்டாம், வட்டம்.

ஓ. ஆங்கிலத்தின் சின்ன ஓ. ஃபான்ட் செய்த அந்தப் பெயர் தெரியாத மகராசன் வேலைக் கொண்டுபோய் ஓ விசையில் வைத்திருக்கிறான். ஏன் என்று அவனுக்கும் தெரிந்திருக்காது.

"வட்டம்," என்றார் விஸ்வேஸ்வரன், கோயிலில் பேசுகிற குரலில். "வெறும் வட்டம். தாமரை போடலாம்னு கை அரிச்சிருக்கும். போடல. நட்சத்திரம் வைக்கலாம்னு தோணியிருக்கும். வைக்கல. இதுதான் டிசிப்ளின்! சிம்ப்ளிசிட்டி! இதத்தான் நான் தலைபாடா அடிச்சிக்கறேன் என் டீம்ல."

பூபாலனுக்குக் கால் இரண்டும் அப்போதுதான் தரையில் பட்டன. ஆனால் உடனே அடுத்த ஆபத்து பக்கத்தில் டையோடு எழுந்து நின்றது.

"வட்டமா?" என்றார் பாவா. கழுத்தை நீட்டிப் பார்த்தார். முகத்தில் திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்தவரின் கலவரம். "சார், அது வட்டம் இல்ல. அந்த எடத்துல நான் ஒரு—"

"சார், பொங்கல்!" தேவசேனா பாய்ந்து வந்தாள். "மடைப்பள்ளிலேர்ந்து அண்ணா குடுத்தனுப்பினாரு. சூடு ஆறிடும். எம்.டி. சார், நீங்க முதல்ல எடுத்துக்குங்க. வாயத் தொறங்க சார், பிரசாதம்."

பிரசாதம் என்ற பிறகு வாயைத் திறக்காமல் இருக்க முடியுமா? பாவா திறந்தார். தேவசேனா நெய் ஒழுக ஒரு பெரிய உருண்டையை அங்கே அமர்த்தினாள். அதை மென்று விழுங்கி மறுபடி அவர் வட்டத்துக்கு வருவதற்குள் விஸ்வேஸ்வரன் எண்களுக்குப் போய்விட்டார்.

மூலக் கோப்பைத் திறந்தார். ஒரு செய்முறையின் நடுவில் இரண்டு வரியை வெட்டினார். கீழே இருந்த எண்கள் மேலே ஏறிக்கொண்டன. 'திரும்பச் செய்யவும்' என்ற வரியும் தான் எந்த எண்ணைச் சொல்லவேண்டுமோ அதைச் சரியாகச் சொன்னது. கிளைகள் ஏ, பி, சி என்று தள்ளி நின்றன. அடுத்த பக்கம் ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. அவர் தேடினார். தேடத் தேட முகத்தில் ஏமாற்றம் கூடியது. பிழை கண்டுபிடிக்கவென்றே இத்தனை தூரம் வந்தவருக்கு வெறுங்கையோடு போக மனம் வருமா?

"நம்பர் போடற ஸ்டைல் நல்லா செஞ்சிருக்கீங்க. யாரு செஞ்சது?"

"டீம் ஒர்க் சார்," என்றார் பாவா, பொங்கலைத் தாண்டி.

"அந்த வட்டத்தோட ஸ்டைலையும் தொறந்து பாத்துடறேன். எந்த ஃபான்ட்டுன்னு..."

சுட்டி மெதுவாக அந்தப் பக்கம் நகர்ந்தது. அந்தப் பெட்டி திறந்தால் ஃபான்ட்டின் பெயர் வரும். பெயரிலேயே கல்யாணம் இருந்தது. தட்டில் பொங்கல் இன்னும் இருந்தது, ஆனால் மேனேஜர் வாயில் ஊட்டிவிடும் அளவுக்குத் தேவசேனா துணியவில்லை.

கீழே வேன் ஹார்ன் அடித்தது. நீளமாக, விடாமல். கூடவே ஒரு பெண் குரல்: "ராகுகாலம் ஆரம்பிச்சிடும்! அங்க இன்னா பண்ணிகினு இருக்கீங்க? வரீங்களா, நாங்க போகட்டுமா?"

குவாலிட்டி விஷயத்தில் அவசரப்படாத மனிதர் லேப்டாப்பை ஒரே அறையாக அறைந்து மூடினார். டீம் எப்படி நடுங்கும் என்று நடித்துக் காட்டியதுபோல் இருந்தது. "நல்லா இருக்குது. எல்லாம் நல்லா இருக்குது. அடுத்த புக்கு, அதுக்கடுத்தது எல்லாம் உங்களுக்குத்தான். மெயில் போடறேன்." செருப்பு படியில் தடதடத்தது. "அந்த வட்டத்த மட்டும் மாத்திடாதீங்க!" என்று பாதிப் படியிலிருந்து குரல் மட்டும் ஏறி வந்தது.

வேன் சத்தம் தெருமுனையைத் தாண்டியது. தேவசேனாதான் முதலில் சிரித்தாள். பூபாலனுக்கும் சிரிப்பு வந்தது, வந்தது நிற்கவில்லை. மேசைமேல் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். பாவா மட்டும் சிரிக்கவில்லை.

"என் வேலு எங்கடா போச்சு?"

அதற்குப் பதிலாகக் கரண்ட் வந்தது. மின்விசிறி சுழன்றது. பாவாவின் கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். அங்கே வரிக்கு வரி வேல் நிமிர்ந்து நின்றது. பூபாலன் ஸ்டைல் பெட்டியைத் திறந்து, விசையைக் காட்டி, ஃபான்ட் இல்லாத இடத்தில் நடந்ததை நிதானமாக விளக்கினான். பாவா கேட்டார். டையைத் தளர்த்திக்கொண்டார். மெல்ல மெல்ல அவர் முகத்தில் வெளிச்சம் திரும்பியது.

"அப்போ இங்க வேலா நிக்கிறான். அந்த ஆளு எதிர்ல வட்டமா நின்னு நம்மள காப்பாத்திட்டான். நான் அந்த வேலு வைக்கலன்னா?"

"புள்ளி இருந்திருக்கும் பாவா. அதுவும் பாஸாயிருக்கும்."

"புள்ளிய அவன் புகழ்ந்திருப்பானா? சொல்லு பாப்போம்."

இந்த ஒரு விஷயத்தில் பாவா சொன்னது முழுக்கச் சரி, அதுதான் பூபாலனுக்கு எரிச்சலாக இருந்தது.

"இருக்கட்டும். ஆனா இந்த ஃபான்ட் இருக்கற கம்ப்யூட்டர் எங்கயாவது ஒண்ணு பால் டிப்போல இருந்தா வேலு தெரிஞ்சிடும். ஒழுங்கான வட்டமா மாத்திடறேன்."

பாவா நீண்ட பெருமூச்சு விட்டார். பூபாலன் ஒரே இடத்தில் மாற்றினான். உற்சவம் முடிந்து தேர் நிலைக்குப் போவதைப் பார்ப்பதுபோல், கன்னத்தில் கை வைத்து, வேல்கள் அத்தனையும் ஒரே நொடியில் வட்டமாவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுழல் நாற்காலியில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, கீழே வீரபத்திரன் வந்ததும் புது விசிட்டிங் கார்டு அடிக்கவேண்டும் என்றார். பதவிகளுக்குக் கீழே ஒரு வார்த்தை கூடுதலாக வரவேண்டும்: சிம்ப்ளிசிட்டி. தங்க நிறத்தில், சுற்றிலும் கொடி வேலைப்பாட்டோடு.

"இன்னிக்கு சீக்கிரம் போறேன் பாவா."

"போ போ. அக்காகிட்ட நான் சொல்றேன், நல்லபடியா முடிச்சேன்னு."

மீந்த பொங்கலைத் தேவசேனா இலையில் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். வெயில் இன்னும் சாயவில்லை. கடைத்தெருவில் மொட்டைத் தலைகள் கூட்டம் கூட்டமாக ரயிலுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவர்கள் எல்லாரும் ரயிலுக்குப் போகிறார்கள், தான் போகவில்லை என்பது பூபாலனுக்கு அன்று முழுவதும் கேட்ட நல்ல செய்திகளிலேயே சிறந்ததாகப் பட்டது. எதிரே வந்த முன்பின் தெரியாத ஒரு மொட்டையைப் பார்த்துச் சிரித்தான். அவரும் பயந்துகொண்டே சிரித்தார்.

வாசலில் அவனைப் பார்த்ததும் வசந்தியின் முகம் மாறியது. பட்டப்பகலில், பூனைமாதிரி, முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நிற்கிறான்.

"போச்சா?" என்றாள்.

"இன்னா போச்சு?"

"வேலை?"

"இருக்குது. இனிமேலும் இருக்கும்."

அவள் நம்பாமல் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் இலைப் பொட்டலத்தை நீட்டினான். அவள் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய், போட்டுவைக்க ஒரு பாத்திரம் தேடி, கைக்கெட்டும் இடத்தில் பளபளவென்று இருந்த கேரியரின் மேலடுக்கை எடுத்துப் பொங்கலை அதில் கொட்டினாள். பள்ளிக்கூடப் பையோடு அப்போதுதான் வந்த யுவஸ்ரீ, அப்பா நிற்பதைக் கொஞ்சமும் கவனிக்காமல், நேராகப் பொங்கலுக்குப் போனாள்.

"எத்தினி வருஷமா அந்த ரயில் கம்பார்ட்மென்டுல உருண்ட கேரியரு," என்றாள் வசந்தி. "இன்னிக்குத்தான் வீட்டுல சாப்பிட ஒண்ணு போட்டேன்."

"சாப்டதும் கழுவிக் குடு. நான் பரண்ல வச்சிடறேன்."

"ஆங், நீங்க வச்சா சாமானெல்லாம் தலைமேல விழும். ஸ்டூலப் புடிங்க, நானே ஏறறேன்."

பொங்கல் தீர்ந்து கேரியர் கழுவப்பட்டதும் அவள் ஏறினாள். கொசுவலையை ஒரு பக்கம் தள்ளி, நடைவண்டியை இன்னொரு பக்கம் தள்ளி, கேரியரை இந்தமுறை முன்வரிசையில் வைக்காமல் கடைசி மூலைக்கு, கை எட்டாத இடத்துக்குத் தள்ளிவிட்டாள். அது சுவரில் டங்கென்று மோதுகிற சத்தம் கேட்டதும், கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த பூபாலன் கையைத் தளர்த்தினான்.

"புடிங்கன்னு சொன்னேன் இல்ல!" என்று மேலிருந்து அவள் கத்தினாள்.